டாஷ்போர்டு: முதலாளியா, கணக்குப்பிள்ளையா?

குதிரை வண்டிக் காலத்துச் சொல் ஒன்று இன்றும் நம் காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘டாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வாரி அடித்தல், தெறித்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டியில் இருப்பவர் மேல் படாமல் இருக்க, மேல்நாட்டில் வண்டியின் முன்னால் ஒரு பலகையை அடித்து வைத்தார்கள். அதுதான் டாஷ்போர்டு. பிறகு குதிரை போயிற்று, எஞ்சின் வந்தது. பலகை மட்டும் போகவில்லை. அதில் நாலு மீட்டரைப் பதித்தார்கள், பிறகு ரேடியோவை வைத்தார்கள், இன்று வீட்டு டி.வி.யைப் போல ஒரு திரையையே நட்டு வைத்துவிட்டார்கள். (மகிழுந்து என்றுதான் எழுத வேண்டும் என்பார்கள் நம் சங்கத்துப் புலவர் பெருமக்கள். கடையில் நாற்பது வருஷமாகக் கார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்.)

அடியேன் தில்லி காஷ்மீரி கேட்டில் மோட்டார் எலெக்ட்ரிக் சாமான் வியாபாரம் செய்பவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் கடைக்கு வரும் மிஸ்திரிகளிடமும், சாமான் பெட்டிக்குள் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பும் புத்தகங்களிலும் படித்ததுதான். சங்க விழாக்களில் நம் உறுப்பினர்கள் என்னை ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “திரையைத் தொட்டா ஏ.சி. வருது, பாட்டு வருது, கண்ணாடி மடங்குது. அப்போ காரையே அந்தத் திரைதானே நடத்துது?” இல்லை என்பதுதான் பதில். ஆனால் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் பழைய கார் வாங்கும்போதும், பனிக்காலத்தில் ஓட்டும்போதும், ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் நீட்டும்போதும் நமக்குப் பெரிய உதவி. ஆகவே இந்த ஆண்டு மலருக்கு இதையே எழுதுகிறேன்.

அம்பாசடர் காலத்தில் எல்லாம் நேரடி உறவு. கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வந்து ஸ்பீடோமீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்த இழுப்பில் முள் ஏறும். ஆயில் பிரஷர் இறங்கினால் எஞ்சினில் உள்ள ஒரு சுவிட்ச் ஒயரை பாடியோடு சேர்க்கும். சிவப்பு விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒயர். விளக்கு எரிகிறதா, அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் நோய் கண்ட இடம் வந்துவிடும். எங்கள் மிஸ்திரிகள் ஒரு சோதனை பல்பும் ஒரு குறடும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கும் விளக்குக்கும் ஒன்று என்று வந்தபோதுதான் இந்த முறை தாங்கவில்லை. ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடும் தனி ஒயரால் கட்டினால் கார் முழுக்க ஒயர்தான் இருக்கும், ஆள் உட்கார இடம் இராது.

தண்டோராக் கம்பி

இதற்கு ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கண்ட வழிக்குப் பெயர் ‘கேன்’. 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டார்கள். 1991-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இன்று சாதாரண சின்னக் கார் வரை இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தண்டோராவை நினைத்துக்கொண்டால் போதும். தண்டோராப் போடுகிறவர் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தெருவில் நின்று சேதியைச் சொல்வார். ஊரே கேட்கும், யாருக்குச் சம்பந்தமோ அவர் காரியத்தைப் பார்ப்பார். கேன் என்பதும் அப்படித்தான். முறுக்கிய இரண்டே ஒயர், எல்லா யூனிட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். “சக்கர வேகம் இவ்வளவு” என்று பிரேக் யூனிட் சொல்லும். ஸ்பீடோமீட்டர் கேட்டு முள்ளை நகர்த்தும், கதவு யூனிட் கேட்டுத் தானாகப் பூட்டும், மியூசிக் சிஸ்டம் கேட்டுச் சத்தத்தைக் கூட்டும். சொன்னவருக்கு யார் யார் கேட்டார்கள் என்ற கவலை கிடையாது.

சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரிலும் இரண்டரை வோல்ட். சேதி போகும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். ஆல்டர்னேட்டரோ இக்னிஷனோ கிளப்பும் மின்சார இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒரே மாதிரி தாக்குவதால் வித்தியாசம் மாறாது, சேதியும் கெடாது. ஒயரை முறுக்கி வைப்பது இதற்காகத்தான். சில ரோட்டோர எலெக்ட்ரீஷியன்கள் இந்த ஜோடியை வெட்டி நீளமாக்கி, முறுக்காமல் டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். பிறகு “காரில் பேய் இருக்கு” என்று கஸ்டமர் கடைக்கு வருவார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால்? இந்த இடத்தில்தான் இதைச் செய்தவர்களின் மூளையை மெச்ச வேண்டும். ஒவ்வொரு சேதிக்கும் ஓர் எண் உண்டு; எண் சின்னதாக இருந்தால் முக்கியம் பெரிது. எண்ணை ஒன்று, சுழி என்று வரிசையாக அனுப்பிக்கொண்டே அந்த யூனிட் தன் காதையும் திறந்து வைத்திருக்கும். கம்பியில் சுழிதான் வலுத்தது. தான் ஒன்று என்று சொன்னபோது சுழி என்று கேட்டால், தன்னைவிட முக்கியமானவர் பேசுகிறார் என்று தெரிந்து வாயை மூடிக்கொள்ளும். சபையில் பெரியவர் பேசத் தொடங்கியதும் சின்னவர் நிறுத்திக்கொள்வதைப் போல. பெரியவர் சேதி ஒரு எழுத்தும் சிதையாமல் போய்ச் சேரும். கார்களில் வழக்கமாக நொடிக்கு 5 லட்சம் எழுத்து வேகத்தில் இது நடக்கிறது.

இப்போது திரைக்கு வருவோம். ஏ.சி. படத்தைத் தொடுகிறீர்கள். விரல் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்புலம் மாறுகிறது, அதிலிருந்து எந்த இடம் என்று திரை கண்டுபிடிக்கிறது. (கம்பளிக் கையுறை போட்டால் பெரும்பாலான திரைகள் கேட்காது. விரல் மின்சாரத்தை இழுக்காததே காரணம். ஜனவரி மாதத் தில்லியில் இது சின்ன விஷயமில்லை.) திரை உடனே ஏ.சி. கம்ப்ரஸரை ஓட்டிவிடுவதில்லை. “ஏ.சி. வேண்டும்” என்று ஒரு சேதி போடுகிறது, அவ்வளவுதான். ஏ.சி. யூனிட் அதைக் கேட்டு, கேஸ் பிரஷர் சரியா, உள்ளே ஐஸ் பிடிக்கும் அளவுக்குக் குளிர்ந்துவிட்டதா என்று பார்க்கும். பிறகு எஞ்சின் யூனிட்டைக் கேட்கும். எஞ்சின் யூனிட் தன் சூட்டைப் பார்க்கும், நீங்கள் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறீர்களா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் ரிலே ‘டிக்’ என்று விழும், கம்ப்ரஸர் சுழலும்.

மலைப்பாதையில் ஏ.சி. விளக்கு எரிந்துகொண்டிருக்க, சூடான காற்று வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்றுதான் அது சொல்கிறது. முடிவு எடுத்தது எஞ்சின். நம் பாஷையில் சொன்னால் திரை என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. ஆர்டரை வாங்கி உள்ளே சொல்வார், உள்ளே நடந்ததை உங்களிடம் சொல்வார். குடோனைத் திறப்பது அவர் இல்லை.

அந்தக் கணக்குப்பிள்ளையும் எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்வதில்லை. ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடுதலாகக் காட்டலாம் என்று ஐக்கிய நாடுகள் விதி 39 சொல்கிறது. நிஜ வேகம் 100 என்றால் 114 வரை காட்டினாலும் விதிப்படி சரிதான். எஞ்சின் சூடு காட்டும் முள் பல கார்களில் 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். இரண்டு டிகிரி ஏறி இறங்கினால் நாம் பயந்து ஷோரூமுக்கு ஓடிவிடுவோம் என்று. ஆகவே முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கினாலே விஷயம் முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டியதுதான், அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்பது கூடாது.

விளக்கு எரிவதும் எரியாததும்

ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருக்கும் மீட்டர் பெட்டியும் நடுவில் இருக்கும் தொடுதிரையும் பெரும்பாலான கார்களில் வேறு வேறு கம்ப்யூட்டர்கள். எச்சரிக்கை விளக்குகள் மீட்டர் பெட்டியைச் சேர்ந்தவை. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிவிப்பவை. இதில் மஞ்சள் எஞ்சின் விளக்கு மட்டும் விசேஷம். நின்று எரிந்தால் சில நாளில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால், பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்ஸர் பக்கம் போகிறது, அங்கே உள்ள விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடப்போகிறது என்று பொருள். மிதிப்பதைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

மீட்டர் பெட்டி சேதியைக் கேட்பதோடு மௌனத்தையும் கவனிக்கிறது. ஒவ்வொரு யூனிட்டும் நொடிக்குப் பல தடவை “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குரல் நின்றால் மீட்டர் பெட்டி தானே அந்த விளக்கை எரியவைக்கும். குளிர்காலக் காலை நேரத்தில் ஏ.பி.எஸ்., ஸ்டியரிங், ஏர்பேக் என்று தீபாவளி மாதிரி எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதே, அதற்கு இதுதான் காரணம். மூன்று யூனிட் ஒரே ராத்திரியில் செத்துவிடவில்லை. பாட்டரி பழசு, ஸ்டார்ட் பண்ணும்போது 12 வோல்ட் இருக்க வேண்டியது 9-க்கும் கீழே இறங்கிவிட, யூனிட்டுகள் கொஞ்ச நேரம் பேச்சிழந்து நின்றிருக்கின்றன. போன குளிரில் நம் உறுப்பினர் ஒருவர் இந்த நிலையில் ஏ.பி.எஸ். யூனிட் மாற்றச் சொன்ன எஸ்டிமேட்டோடு வந்தார். பாட்டரியை மாற்றி, பழைய கோடுகளை அழித்ததும் எல்லா விளக்கும் அணைந்தன. ஒன்றுக்கு மேல் விளக்கு சேர்ந்து எரிந்தால் முதலில் பாட்டரி, பிறகு எர்த் ஒயர், அதற்கப்புறம்தான் யூனிட். இந்த வரிசையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எரியும் விளக்கைவிட எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு ஆபத்து. என் தங்கை மருமகன் ஃபரீதாபாத்தில் இருக்கிறார். பழைய கார் ஒன்றை வாங்கி, “மாமா, ஒரு பார்வை பாருங்க” என்று கடைக்குக் கொண்டுவந்தார். ஏர்பேக் விளக்குக்குத் தனி ஒயர் வந்த காலத்து மாடல். “மாப்பிள்ளை, ஸ்டார்ட் பண்ணாதீங்க. விளக்கெல்லாம் எரியற வரைக்கும் மட்டும் சாவியைத் திருப்பிட்டுச் சும்மா இருங்க” என்றேன். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் யூனிட் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் நாலைந்து நொடியில் விளக்கு தானாக அணைய வேண்டும், எஞ்சின் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பாட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எஞ்சின் ஓடும் வரை எரியும். அன்றைக்கு ஏ.பி.எஸ். விளக்கு நொடிகளில் அணைந்தது. ஏர்பேக் விளக்கோ அணையவில்லை. “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன். ஆயில் விளக்கும் ஏர்பேக் விளக்கும் ஒரே கணத்தில் அணைந்தன.

மீட்டர் பெட்டியைக் கழற்றினால் இரண்டு விளக்கின் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தான் ஒரு புண்ணியவான். ஸ்டியரிங் மூடியைத் திறந்தால் உள்ளே பை இல்லை. முன்னொரு விபத்தில் வெடித்துப் போயிருக்கிறது. புது மூடியைப் போட்டு விற்றுவிட்டார்கள். மருமகன் தினமும் மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்துக் குருகிராம் போகிறவர். விற்ற இடத்தில் கேட்டபோது “சில காரில் லைட் அப்படித்தான் இருக்கும்” என்றார்களாம். மூன்று வாரம் அலைந்து பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

புதிய கார்களில் விளக்குக்குத் தனி ஒயர் கிடையாது. சேதி கம்பி வழியாகத்தான் வரும். அதனால் இந்தத் தந்திரம் அங்கே பலிக்காது. வேறு தந்திரம் வந்திருக்கிறது. பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் சொருகி, பை இருப்பதாக யூனிட்டையே நம்பவைக்கிறார்கள். விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். இங்கே ஸ்கேனர் ஒன்றே வழி. நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓ.பி.டி. இரண்டாம் கட்டம் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஓட்டை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் யூனிட்டுகள் நினைவில் வைத்திருக்கும் கோடுகளைப் படிக்கலாம். ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ‘யூ’ என்று தொடங்கினால் யாரோ கம்பியில் பேசவில்லை. விபத்தில் பை வெடித்த பதிவு ஏர்பேக் யூனிட்டில் இருக்கும்; அதைப் படிக்க நல்ல ஸ்கேனர் வேண்டும், ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் சாமான் எஞ்சினோடு நின்றுவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. மீட்டர் பெட்டியில் ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது இன்று லேப்டாப் வேலை. ஆனால் பல கார்களில் எஞ்சின் யூனிட், பிரேக் யூனிட் முதலானவையும் கிலோமீட்டரைத் தனியாகக் குறித்து வைக்கின்றன. கல்லாக் கணக்கைத் திருத்தியவன் குடோன் கணக்கைத் திருத்த மறந்திருப்பான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

திரை கறுத்தால்

தொடுதிரை நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் 1986-லேயே பழைய டி.வி. டியூப்பில் தொடுதிரை வைத்துப் பார்த்தார்கள், ஜனங்கள் விரும்பவில்லை. 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்த பிறகுதான் எல்லாக் கம்பெனியும் பட்டனைப் பிடுங்க ஆரம்பித்தது. நம் நாட்டில் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ-யில் முன்னால் மூன்று திரை. பட்டனுக்கு அச்சு, ஒயர், சுவிட்ச் எல்லாம் வேண்டும். திரையில் ஒரு படம் போட்டால் முடிந்தது. கம்பெனிக்கு மிச்சம். வியாபாரி என்ற முறையில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவருக்கு என்ன மிச்சம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே டெஸ்லாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். திரைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. நினைவுச் சிப். இந்த வகைச் சிப்பில் ஒரே இடத்தில் இத்தனை ஆயிரம் தடவைதான் எழுதி அழிக்கலாம் என்று கணக்கு உண்டு. கார் தன் அன்றாடக் குறிப்பை ஓயாமல் எழுதி எழுதி, ஐந்தாறு வருஷத்தில் சிப் தேய்ந்தது. திரை கறுத்தது. கார் ஓடியது, பிரேக் பிடித்தது; அவை வேறு யூனிட்டுகள் அல்லவா! ஆனால் பின்பக்கக் கேமரா போயிற்று, முன் கண்ணாடிப் பனி நீக்கும் வசதியைக் கேட்க வழி இல்லை, இண்டிகேட்டர் சத்தமும் நின்றது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பனி நீக்கும் எந்திரம் கெடவில்லை. அதனிடம் சொல்லும் ஒரே வாய் அடைத்துவிட்டது. கணக்குப்பிள்ளை முதலாளி இல்லைதான். ஆனால் அவர் ஒருவர் மூலமாகத்தான் எதையும் கேட்க முடியும் என்று வைத்துவிட்டால், அவர் லீவு போட்ட அன்று கடை மூடினதாகத்தான் அர்த்தம்.

திரைக்கு அளவுக்கு மீறி வாய் கொடுத்தாலும் வம்பு. 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஜீப் செரோக்கியின் மியூசிக் சிஸ்டத்துக்குள் செல்போன் தொடர்பு வழியாக நுழைந்தார்கள். வைப்பரை ஓட்டினார்கள், ஏ.சி.யைத் திருகினார்கள், நெடுஞ்சாலையிலேயே எஞ்சின் இழுவையை அறுத்தார்கள். தண்டோராவில் யார் குரல் என்று யாரும் அடையாளம் கேட்பதில்லை. சேதி சரியான எண்ணில் வந்தால் நம்பிவிடும். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பாட்டுப் பக்கத்துக் கம்பிக்கும் எஞ்சின் பக்கத்துக் கம்பிக்கும் நடுவே ‘கேட்வே’ என்ற காவல்காரரை நிறுத்தி, இன்ன சேதிதான் போகலாம் என்று வடிகட்டுவதன் அவசியம் இதிலிருந்தே தெரியும். கண்ட இடத்தில் விலை மலிவான ஆண்ட்ராய்டு செட்டை வாங்கி, ஸ்டியரிங் பட்டன் வேலை செய்ய வேண்டும் என்று கேன் ஒயரில் நேராக ஒட்டவைப்பவர்கள் அந்தக் காவல்காரரைத் தாண்டித் தடுக்குப் போடுகிறார்கள். செட் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காருக்கென்று வரும் கப்ளர் வழியாகப் போடுங்கள், ஒயரை வெட்டாமல்.

கண் போகும் நேரமும் ஒரு கணக்குத்தான். 2022-ல் சுவீடனின் ‘வி பிலாகரே’ என்ற கார்ப் பத்திரிகை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நாலு சின்ன வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தது. பட்டன் வைத்த 2005 வோல்வோவில் 10 நொடி; அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. தொடுதிரைக் கார்களில் கடைசியாக வந்தது 44.9 நொடி எடுத்தது. வண்டி 1,372 மீட்டர் போயிருந்தது. ஐரோப்பாவில் கார்ப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஐந்துக்கும் கையால் தொட்டு அறியும் பட்டனோ நெம்போ இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. இந்தப் பட்டியலில் முன் கண்ணாடிப் பனி நீக்கியைக் காணோம். வட இந்தியாவில் வாழும் நாம் அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே புது கார் பார்க்கப் போனால் பாட்டு எப்படிப் பாடுகிறது என்பதற்கு முன்னால், விசிறி போல வளைந்த கண்ணாடிப் படம் போட்ட அந்தப் பட்டன் தனியாக இருக்கிறதா, திரைக்குள் எத்தனை தட்டுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வண்டி நிற்கும்போது நாலு தடவை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். உள்ளே பனி படிந்தால் ஏ.சி. ஓட வேண்டும், காற்று சூடாக முன் கண்ணாடிக்குப் போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரும்படி இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஏ.சி.யை அணைத்தால் காற்றில் உள்ள ஈரம் போகாது, கண்ணாடி தெளியாது.

ஓட்டும்போது திரை உறைந்து நின்றுவிட்டால் பதற வேண்டாம். எஞ்சினும் பிரேக்கும் அதைக் கேட்டு ஓடவில்லை. ஓரமாக நிறுத்தி, திரையின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி விடாமல் அழுத்தினால் பல கார்களில் திரை மட்டும் அணைந்து மறுபடி பிறக்கும். எந்தப் பட்டன், எத்தனை நொடி என்பது கார் கூட வந்த புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலோர் வீட்டில் கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.